சிமெண்டு அம்மா

போன மாதம் சுங்காயில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, சாலையோரத்தில் என் அம்மா ரோஸ் கலரில் நின்றுகொண்டிருந்தாள்.

பதறாதீர்கள். என் அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. நான் சொல்வது சிமெண்டு அம்மாவை. பீடோரில் காரை நிறுத்தி ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் வாங்கினோம். அதன்பிறகு என் வீட்டுக்காரருக்கு வழக்கம்போல் குறுக்குவழி ஆசை வந்துவிட்டது. ஈப்போ டவுனில் பிறந்து வளர்ந்த மனிதர். தோட்டத்துப் பக்கத்துச் சந்துபொந்துகள் எல்லாம் தனக்குத்தான் தெரியும் என்று பிறந்ததிலிருந்தே நினைத்துக்கொண்டிருப்பவர். ஏதோ ஒரு புதுத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்து, இரண்டு முறை ஒரே தொழுகைச் சூராவைச் சுற்றி, கடைசியில் ஒரு தமிழ்ப்பள்ளி வாசலில் பிரேக் போட்டார்.

"ஏய், ஒங்கம்மா லா."

நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவேதான். நெற்றியில் விடியுமுன் கட்டிக்கொள்ளும் விளக்கு, ஒரு கையில் வாளி, இடுப்பில் ரப்பர் பால் வெட்டும் உளி, உயர்த்திய வலது கை. எங்கள் தோட்டத்துப் பள்ளியை மூடி ஏதோ ஒரு தாமானில் கட்டினார்கள் என்று தெரியும். அம்மாவையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கன்னம் ரோஸ், கை ரோஸ், உதடு செக்கச்செவேல். உயிரோடு இருந்தவரைக்கும் முகத்துக்குப் பவுடர்கூடப் போடாத பொம்பளை.

இறங்கிக் கிட்டே போனதும் புதுப் பெயிண்டு வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், எனக்குச் சிங்காரம் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. அவர் மேல் எப்போதும் இந்த வாசனைதான் அடிக்கும், கூடவே மண்ணெண்ணெய். பெயிண்டு போக மண்ணெண்ணெயில் கை கழுவி, அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார். கேட்டால், "வயித்துல பூச்சி இருக்காதுலா" என்பார்.

சிங்காரம் அண்ணன் சுங்காய் டவுன்காரர். சுற்றுவட்டாரத் தோட்டக் கோயில்களுக்கெல்லாம் அவர்தான் சுதைவேலை செய்வார். கோபுரத்தில் உடைந்த சாமியை ஒட்டுவது, இல்லாத சாமியைப் புதிதாகச் செய்வது, ஆறு வருடத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் பெயிண்டு அடிப்பது. வேலையில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஒரே ஒரு குறைதான். அவர் செய்த சாமிகள் எல்லாம் அவர் ஜாடையிலேயே இருக்கும். முருகனுக்கும் அதே வட்ட முகம், அதே சப்பை மூக்கு, அதே முழி. மாரியம்மன் அவர் மீசையை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தது போலிருப்பாள். கோயிலில் விழுந்து கும்பிட்டுவிட்டு நாங்கள் வெளியே வந்தால் எதிரே அவரே சைக்கிளில் வருவார். இன்னொரு தடவை கும்பிடுவதா வேண்டாமா என்று எங்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

"வேற யாரு எனக்கு மணிக்கணக்கா நின்னு குடுப்பா? கண்ணாடிய பாத்துத்தான் செய்யுறேன்" என்று அவரே ஒப்புக்கொள்வார்.

எங்கள் பள்ளியின் தலைமையாசிரியரை நாங்கள் பெரிய சார் என்போம். ஈப்போ சிலிபின்காரர். (பிற்காலத்தில் நானே சிலிபினில் குடியேறி அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாழ்வேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் பயத்தில் காய்ச்சல் வந்திருக்கும்.) அவருக்கு ஒரு நாள் யோசனை உதித்தது. பள்ளிக்கூடத்து வாசலில் பால்வெட்டும் ஒரு தாயின் சிலை வேண்டும். அவள் பள்ளிக்கூடத்தைக் கைநீட்டிக் காட்டவேண்டும். பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்து, நம்மைப் பெற்றவள் என்ன பாடுபடுகிறாள் என்று உணர்ந்து வாய்ப்பாடு படிக்கவேண்டும். நல்ல யோசனைதான். கோபுர வேலையில் மிச்சமான சிமெண்டு கோயில் கொட்டகையில் கிடந்தது. சிங்காரம் அண்ணனும் கிடைத்தார்.

"சிங்காரம், சாமி மாதிரி வேணாம். மனுஷி மாதிரி வேணும். முக்கியமா ஒங்க மூஞ்சி வேணவே வேணாம்."

"அப்ப யாராச்சும் நின்னு குடுக்கணும் சார்."

இந்தச் சேதி லயத்து வீடுகளுக்குள் பரவிய வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. முதலில் வந்து நின்றது மண்டோர் வீட்டு அக்கா. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோரின் பெண்சாதி என்பதால் எல்லாவற்றிலும் முதல் ஆளாக நிற்பது அவர் வழக்கம். பட்டுச்சேலை, இரட்டை வடச் சங்கிலி, பூ எல்லாம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். உளியைக் கையில் கொடுத்தபோது, "இத எந்தக் கையில புடிக்கணும்?" என்று கேட்டார். சிங்காரம் அண்ணன் பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் கூரையைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா, நான் மறந்துவிட்டுப் போன தேத்தண்ணி போத்தலைக் கொடுக்க வந்தாள். அவள் பால் வெட்டும் மரங்கள் பள்ளிக்கூடத்தை ஒட்டியே இருந்தன. கைலி, முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மேலெல்லாம் பால் கறை.

"பாக்கியம், நீங்க நில்லுங்களேன்" என்றார் பெரிய சார்.

"எனக்கு வேற வேல இல்ல பாருங்க" என்று அம்மா திரும்பினாள். திரும்பியவள் மண்டோர் வீட்டு அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்தாள். உடனே போத்தலைக் கீழே வைத்துவிட்டு, "எங்க நிக்கணும் சார்?" என்றாள். இரண்டு பேருக்கும் குழாயடியில் ஆரம்பித்த பகை, அது எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தினமும் பால் நிறுத்துக் கொடுத்தபிறகு அம்மா வந்து நிற்பாள். நிற்பது சுலபம், பேசாமல் நிற்பதுதான் அவளால் முடியாத காரியம்.

"அக்கா, கொஞ்சம் வாய மூடுங்க."

"மூடுனா கொட்டாவி வருது தம்பி."

கடைசியில் சிங்காரம் அண்ணனும் அலுத்துப்போய், ஏதோ சொல்ல வாயெடுத்தவள் மாதிரியே செய்துவிட்டார். அதுதான் அந்தச் சிலையின் உயிர். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கை தன் முகத்தை விட்டுவிட்டு இன்னொரு முகத்தைச் செய்தது.

விரல் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். குமரியாக இருந்தபோது அம்மா ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தவள். ஷீட்டு உருட்டும் மெஷின் அவள் வலது கைச் சுண்டுவிரலில் பாதியைக் கடித்துக்கொண்டது. அவள் எனக்குத் தலைபின்னும்போது அந்த மொட்டை விரல் பின்னங்கழுத்தில் முட்டும். மற்ற விரல்களைவிட அதைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். சிமெண்டில் சிங்காரம் அண்ணன் அதை முழு விரலாக வைத்திருந்தார்.

"என்னா தம்பி, இல்லாத வெரல வெச்சுருக்க?"

"கொறையோட செஞ்சா பின்னம்கா. ஒரு வெரலு ஒடஞ்சிருந்தாலும் கோயில்ல அந்தச் செலைய கும்புட மாட்டாங்க. அப்புடி ஒண்ணு என் கையால வராது."

"இது என்ன கோயிலா?" என்று கேட்டாலும் அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். சிமெண்டிலாவது முழுசாக இருக்கட்டுமே என்று வீட்டில் வந்து சொன்னாள்.

குழப்பம் கையில்தான் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தைக் காட்டவேண்டிய வலது கையை அண்ணன், உள்ளங்கை தெரிய நேராக நிமிர்த்திவிட்டார். கோயிலில் அம்மன் 'பயப்படாதே' என்று காட்டுவாளே, அதே கை. நீட்டிய விரல் மழையில் ஒடிந்து விழுந்துவிடும் என்று பெரிய சாரிடம் காரணம் சொன்னார். உண்மை என்னவென்றால் அவர் கைக்கு வேறு கை செய்யத் தெரியாது. கண்ணை மட்டும் கடைசியில் வைத்தார். விடியற்காலையில் எல்லாரையும் போகச்சொல்லிவிட்டு, கண் திறந்து, கண்ணாடி காட்டி, எலுமிச்சம்பழமும் நறுக்கிவிட்டார். ஆண்டாண்டாக வந்த பழக்கம் எங்கே போகும்?

திறப்புவிழாவில் துணியை விலக்கியதும் கூட்டம் கப்சிப் என்றாகிவிட்டது. நீங்களே பாருங்கள். நெற்றிக்கு நடுவில் விளக்கு, சட்டென்று பார்த்தால் மூன்றாவது கண். இடுப்பில் ஆயுதம். ஒரு கையில் கலசம் மாதிரி வாளி. இன்னொரு கை அபயம் காட்டுகிறது. போதாக்குறைக்குக் கோயில் சிமெண்டு. சிறப்பு விருந்தினர் மரியாதைக்கு ஒரு மாலையை வேறு போட்டுவிட்டார். பின்வரிசையிலிருந்து யாரோ குலவை போட்டார்கள். பெரிய சார் உழைப்பின் பெருமையைப் பற்றிப் பேச எழுந்தபோது சூடம் ஏற்றியாகிவிட்டது.

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் அழுதேன். எங்கள் வீட்டில் மாலை போட்டிருந்தது ஒரே ஒரு படத்துக்கு, அது அப்பாவுடைய படம். மாலை போட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் கை சில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்வது? பரீட்சைக்கு முன்னால் எலுமிச்சை மாலை, வெள்ளிக்கிழமை மஞ்சள் சேலை, லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்க இரண்டு பேர். பூசைக்குத் தலைமை யார் என்று நினைக்கிறீர்கள்? மண்டோர் வீட்டு அக்கா. காலையில் குழாயடியில் அம்மாவின் வாளியைக் காலால் தள்ளிவிடுவார். மாலையில் பள்ளிக்கூடத்து வாசலில் அதே அம்மாவுக்குச் சூடம் காட்டி, "தாயே, எங் குடும்பத்த காப்பாத்து" என்பார். பெரிய சார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'இது சாமி சிலை அல்ல. யாரும் தொடக் கூடாது' என்று ஒரு பலகை வைத்தார். "பாத்தியா, துடியான சாமி. தொடவே கூடாதாம்" என்றார் மண்டோர் வீட்டு அக்கா. மறுநாள் பலகைக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள்.

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே துணை ஓர் ஆடு. அதுவும் மண்டோர் வீட்டு ஆடுதான். எஜமானி மாலை போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் இது வந்து முன்னங்கால்களைத் தூக்கி நின்று, மாலையைக் காம்பு மிச்சமில்லாமல் தின்றுவிடும். அந்த ஆட்டுக்கு நான் மனசுக்குள் சொன்ன நன்றியை அந்தத் தோட்டத்தில் எந்தச் சாமிக்கும் சொன்னதில்லை.

அப்புறம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, ஆளை எழுந்திருக்கவிடாத காய்ச்சல். வீட்டுச் சாமான் எல்லாம் சுற்றுகிறது என்று படுத்தே கிடந்தாள். பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து பூசை மணி கேட்கும்போதெல்லாம் நான் காதைப் பொத்திக்கொள்வேன். லயத்துப் பெண்கள் இரண்டு பேர் வந்து அம்மாவின் காலடியில் வேப்பிலை வைத்து, "என்னா கொற வெச்சோம், சொல்லு ஆத்தா" என்று கேட்டார்கள். "கஞ்சி வெச்சுக் குடுங்கடி மொதல்ல" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். அப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து இன்னொரு படம் மாட்டுவார்கள் என்றே நான் நம்பினேன். அம்மா தூங்கும்போது மூக்குக்குக் கீழே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

எழுந்து நடமாட முடிந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஞாயிறானால் சிங்காரம் அண்ணன் தன் சிலையைப் பார்க்க வந்துவிடுவார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, எதிரே குந்தி உட்கார்ந்து, சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"சிங்காரம், இந்த மூஞ்சிய மாத்து."

"என்னாக்கா இப்புடிச் சொல்றீங்க? நான் செஞ்சதுலயே இது ஒண்ணுதான் என் மூஞ்சி இல்ல."

"எம் புருசனுக்கு மாலை போட்டாச்சு. உயிரோட இருக்கயிலேயே எனக்கும் போட்டுட்டாங்க. இவளுக்கு அப்பறம் யாரு இருக்கா? நான் தூங்குனா எம் மூக்குல கைய வெச்சு வெச்சுப் பாக்குதுப்பா இந்தப் புள்ள."

சிங்காரம் அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அவர் சைக்கிள் பெட்டியைத் திறந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார். வகுப்பிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு ஏறினார். உளியை மூக்கில் வைத்தார்.

"மூக்கத் தொடாத" என்றாள் அம்மா.

உளி வாய்க்கு வந்தது.

"வாயில வேணாம், பொக்கவாயி மாதிரி இருக்கும்."

"கன்னத்துல?"

"பாக்க நல்லாருக்காதுல்ல."

"அக்கா, மூஞ்சிய மாத்தச் சொன்னது நீங்கதான்."

அம்மா என் கையை விட்டுவிட்டு, தன் வலது கையைச் சிலை மாதிரியே உயர்த்தினாள். மொட்டைச் சுண்டுவிரலை மட்டும் ஆட்டிக் காட்டினாள்.

"இத எடுத்துரு. பின்னமானா கும்புட மாட்டாங்கன்னு நீதான சொன்ன?"

அவர் அந்த விரலைப் பார்த்தார். சிமெண்டு விரலைப் பார்த்தார். குறையோடு ஓர் உருவம் தன் கையால் வராது என்று சொன்ன மனிதர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார். சின்னச் சத்தம்தான். விழுந்த துண்டைக் குனிந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பெயிண்டுத் துணியால் மூக்கைத் துடைத்தார், மூக்கெல்லாம் பச்சையாகிவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. "வா தம்பி, வீட்டுல சாப்புட்டுப் போ" என்றாள்.

மறுநாள் மண்டோர் வீட்டு அக்கா தட்டோடு வந்தார். விரலைப் பார்த்து, "அய்யோ, பின்னமாயிருச்சே" என்று தட்டோடு அப்படியே திரும்பி நடந்தார். அதோடு பூசை நின்றது. ஆடு மட்டும் கொஞ்ச நாள் வந்து காத்திருந்துவிட்டுப் போகும். தன் பலகை வேலை செய்துவிட்டது என்று பெரிய சார் கடைசிவரை நம்பினார். அவர் நம்பிக்கையைக் கெடுக்க எங்களுக்கும் மனசு வரவில்லை.

எனக்கு என்ன தெரியுமா? அன்றைக்குத்தான் அந்தச் சிலை என் அம்மா ஆனது. ஓய்வு நேரத்தில் அதன் பீடத்தில் ஏறி அந்த மொட்டை விரலைத் தொட்டுப் பார்ப்பேன். சொரசொரவென்று இருக்கும். மூக்குக்குக் கீழே கை வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

அம்மா நன்றாக வாழ்ந்துவிட்டுத்தான் போனாள். கடைசி வருடங்களில் சிலிபினில் என்னோடு இருந்தாள். பாசாரில் மீன்காரனிடம்கூட, "எனக்குச் செல வெச்சுருக்காங்க தெரியுமா, கொறச்சுக் குடு" என்பாள். எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "எனக்கு மாலையெல்லாம் போட்டு முடிச்சாச்சு. செத்த பெறகு எவளும் எம் படத்துக்குப் போடாதீங்க." போடவில்லை.

ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ப்பனை வந்தது. லயத்தை இடித்தார்கள். மண்டோர் வீட்டு அக்கா மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். சிங்காரம் அண்ணன் செத்ததையே நாங்கள் காரியம் முடிந்தபிறகுதான் கேள்விப்பட்டோம். அவருடைய கோபுரத்தை இடித்து, தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை வரவழைத்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். இப்போது சாமிகள் எல்லாம் அழகு. யாருடைய ஜாடையும் இல்லை.

எங்கே விட்டேன்? பெயிண்டு வாசனை. அன்றைக்குப் பள்ளியில் கோத்தோங் ரோயோங், பெற்றோர்கள் எல்லாம் சேர்ந்து வேலி கட்டி, பெயிண்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். தூரிகையோடு ஓர் இளைஞன் வந்தான், யாரோ ஒரு பிள்ளையின் அப்பா.

"எப்புடிக்கா இருக்கு?"

"நல்லா இருக்கு தம்பி."

"பாவம்கா, ஒரு வெரலு ஒடஞ்சு கெடந்துச்சு. இத்தன வருசமா யாருமே கண்டுக்கல போல. நாங்கதான் சிமெண்டு வெச்சு சரி பண்ணோம்."

நிமிர்ந்து பார்த்தேன். வலது கையில் ஐந்து விரலும் முழுசாக இருந்தன. சுண்டுவிரல் மற்றதைவிடக் கொஞ்சம் குண்டு. காலடியில் பார்த்தால் ஒரு சின்ன மல்லிகைச் சரம், பக்கத்தில் சூடம் எரிந்த கறுப்பு.

என் வீட்டுக்காரர் காதோரம் குனிந்து, "சொல்லிரலாமா? திரும்ப ஒடச்சிரச் சொல்லு" என்றார். கேலிக்குத்தான் சொன்னார், ஆனால் கேட்டால் அவரே ஏறி உடைத்துவிடுவார்.

"வேணாங்க, விடுங்க" என்றேன். அன்றைக்கு அந்த மாலையைப் பார்த்துப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. இப்போது பயப்பட என்ன இருக்கிறது? இனி யார் வேண்டுமானாலும் மாலை போடலாம். ஆசையாகச் செய்திருக்கிறார்கள். கொய்யாப்பழப் பையை அந்தத் தம்பியிடமே கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன். ஈப்போ வரும்வரை என் வீட்டுக்காரர் ஒரு குறுக்குவழியும் தேடவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு தூரம் நேர்வழியிலேயே வந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தில் அம்மாவின் படத்தின் முன்னால் போய் நின்றேன். மாலை போடாத படம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறாள், வலது கை மடியில் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்தப் பாதி விரல் இல்லாமல் இருப்பது இப்போது இந்த ஒரு படத்தில் மட்டும்தான்.